தேங்காய் போகும் வழியும் குப்பை வரும் வழியும்

மாஓயா கடலோடு கலக்கும் இடத்திலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்பவர் வென்னப்புவை, மாரவிலை, சிலாபம், உடப்பு, முந்தல் ஆகிய ஊர்களைக் கடந்து புத்தளம் நகரை அடைவார். மேற்கே கடல், கடலுக்கும் நிலத்துக்கும் இடையே களப்பு, களப்புக்கு இப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை. உரித்த தேங்காயை ஏற்றிய லொறிகள் இந்தப் பாதை வழியே கொழும்பை நோக்கிச் செல்வது நாள்தோறும் காணும் காட்சி. தலைநகரின் அடுக்களைகளிலே கறிக்கும் சொதிக்கும் பால் பிழியப்படும் தேங்காயில் பெரும் பங்கு, இக்கரையிலிருந்தும் இதனை அடுத்த குருநாகல், கம்பஹா மாவட்டங்களிலிருந்தும் போவதேயாகும். இதே கரையோரமாக ஒரு புகையிரதப் பாதையும் உண்டு. அப்பாதையின் வழியே, எதிர்த் திசையில், தலைநகரின் குப்பையைப் புத்தளத்துக்கு அப்பாலுள்ள அருவக்காட்டுக்குக் கொண்டுவர ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. தேங்காய் போன வழியையும் குப்பை வந்த வழியையும் ஒன்றாக வைத்து நோக்குவதே இவ்வுரையின் கருத்து.

அண்மைக் காலத்தில் பொருளியலாளர் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்னும் ஒரு தொடரை அடிக்கடி எடுத்தாளுகின்றனர். நிலத்திலிருந்து எடுத்து, பண்டமாக்கி, பாவித்து, எறிந்துவிடுவது ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் முனை எப்பொழுதும் குப்பை மேட்டிலே சென்று முடியும். அவ்வாறு முடியவிடாமல், ஒரு தொழிலின் எச்சம் மற்றொரு தொழிலின் மூலப்பொருளாகவும், பாவித்த பண்டம் மீண்டும் பாவனைக்கு உரியதாகவும் வளைத்துக் கொண்டுவருவதே சுழற்சி என்பது அவர்கள் கூறும் விளக்கம். பெயர் புதியது. ஆனால், இக்கரையிலே பொச்சு ஊறப்போட்டுத் தும்பு அடித்த பெண்களுக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

தென்னையின் பயன்களைப் பட்டியலிடுவது பள்ளிக்கூடக் கட்டுரைகளின் வழக்கம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன செய்தி. ஆயினும், அந்தப் பட்டியலை ஒரு கணக்கேடாகக் கொண்டு பார்ப்போர் மிகச் சிலரே. ஓலை கிடுகாகிறது, ஈர்க்கு விளக்குமாறாகிறது, பன்னாடை கள் வடிக்க உதவுகிறது, காய்ந்த பாளையும் மட்டையும் அடுப்புக்குப் போகின்றன. காயை உரித்தால் பொச்சு. பொச்சைப் பல வாரங்கள் நீரில் ஊறவைத்து ஆலையில் அடித்தால், நீளமான தும்பு ஒரு பக்கமும் குறுந்தும்பு மற்றொரு பக்கமும் பிரிகின்றன. முன்னது தூரிகைக்கும் துடைப்பத்துக்கும், பின்னது மெத்தைக்கும் போகின்றது. களப்போரங்களில் மாதக் கணக்காக ஊறிய பச்சைப் பொச்சிலிருந்து கிடைக்கும் வெண்தும்பு கயிறாகத் திரிக்கப்படுகின்றது. உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டோடு இழுத்த கயிறு ஒரு காலத்தில் இந்தத் தும்புக் கயிறுதான். அறுந்து கடலோடு போனாலும் அது உக்கிப்போகும். இன்று அந்த இடத்தை நைலோன் பிடித்துக்கொண்டது. நைலோன் அறுந்து போனால் கடலின் அடியில் கிடந்து, மீனவன் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

பொச்சின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தும்பு. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு தூள். பல பத்தாண்டுகளாகத் தும்பு ஆலைகளின் பின்புறத்திலே இத்தூள் செந்நிற மேடுகளாகக் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து வடியும் கறுத்த சாயநீர் வாய்க்கால்களிற் பாய்ந்தது. வெயில் காலத்தில் தீப்பற்றினால் நாட்கணக்கிற் புகைந்தது. இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்றிச் செல்ல ஆளில்லை. பின்னர், 1980 களின் இறுதியிலே, ஒல்லாந்து நாட்டில் கண்ணாடிக் கூடங்களுக்குள் மலரும் காய்கறியும் பயிரிடுவோர், இத்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கி வைத்துக் கொடுக்க வல்லது என்பதைக் கண்டனர். சதுப்பு நிலங்களை வெட்டி எடுக்கும் கரிமண்ணுக்கு மாற்றாக இதனை வாங்கத் தொடங்கினர். அன்று முதல் அந்த மேடுகள் கரையலாயின. உலர்த்தி, சலித்து, செங்கல்லைப் போல அழுத்திக் கட்டிய தூள் இன்று கப்பலேறுகின்றது. பழைய மேடுகளையும் தோண்டி விற்றவர்கள் உண்டு.

குப்பை என்று ஊரார் ஒதுக்கியது பண்டமாயிற்று. எதனால்? தூள் மாறவில்லை, சட்டம் எதுவும் பிறக்கவில்லை, எவரும் உபதேசம் செய்யவுமில்லை. ஆலையின் படலையிலே, ‘இதற்கு நான் விலை தருகிறேன்’ என்று சொல்ல ஓர் ஆள் வந்தான், அவ்வளவுதான். சிரட்டையின் கதையும் இதுவே. அகப்பையாகவும், இறப்பர்த் தோட்டங்களிலே பால் ஏந்தும் சிரட்டையாகவும் இருந்தது போக, எஞ்சியது அடுப்பெரித்தது. சிரட்டைக் கரியிலிருந்து உறிஞ்சும் ஆற்றல் மிக்க கரி செய்யப்படத் தொடங்கிய பின்னர், அது குடிநீரைச் சுத்திகரிக்கவும் பொன் சுரங்கங்களில் பொன்னைப் பிரித்தெடுக்கவும் உலகெங்கும் போகின்றது. கொப்பறா ஆலைக்கும் தேங்காய்த் துருவல் ஆலைக்கும் போகும் ஒரு காயின் எந்தப் பகுதியும் வீணாவதில்லை என்று துணிந்து கூறலாம். எண்ணெய் பிழிந்த பின் மிஞ்சும் புண்ணாக்கையும் மாடு தின்கின்றது.

இவ்விடத்தில் ஒரு தடை நிகழ்கின்றது. வளையம் முற்றாக மூடியதென்று மகிழ்வதற்கு முன், அதிலே ஓர் ஓட்டை இருப்பதைக் காணவேண்டும். தென்னைக்கு மிக வேண்டிய சத்துக்களுள் ஒன்று பொற்றாசியம். அது பொச்சிலே செறிந்துள்ளது. லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தார், மரங்களின் இடையே குழி வெட்டிப் பொச்சைப் புதைத்தால் ஈரமும் நிற்கும், சத்தும் மண்ணுக்குத் திரும்பும் என்று நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். மணற்பாங்கான இந்நிலத்தில், மழை பொய்க்கும் மாதங்களில், அந்தக் குழிகள் மரத்துக்குத் தாய்ப்பால் போன்றவை. ஆனால், பொச்சுக்கு ஆலையில் விலை கிடைக்கும்பொழுது எந்தத் தோட்டக்காரர் அதை மண்ணுக்குள் போடுவார்? பொச்சோடு சேர்ந்து பொற்றாசியமும் கடல் கடந்து போகிறது. அதற்கு ஈடாக வெளிநாட்டிலிருந்து உப்புரம் வரவழைக்க வேண்டியிருக்கிறது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உரங்களின் இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டபொழுது அந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்பது பலருக்கு விளங்கியது. தென்னை இன்றைய பட்டினியை இன்றே காட்டாது. ஒரு பாளை உருவாகி, மலர்ந்து, காயாகி முற்றுவதற்கு ஆண்டுகள் செல்லும். 2024 இன் இறுதியிலும் 2025 இலும் தேங்காயின் விலை இல்லத்தரசிகளைத் திகைக்க வைக்குமளவுக்கு ஏறியதற்கு வறட்சி, நோய், விலங்குகளின் அழிவு எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. உரமின்றிப் போன ஆண்டுகளும் அவற்றுள் ஒன்றாகக் கூறப்பட்டது.

இனி, ஆலைக்குப் போகாத தேங்காயைப் பார்க்கவேண்டும். இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 250 கோடி முதல் 300 கோடி வரை காய்கள் விளைகின்றன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு அளவானது வீடுகளிலேயே பாவிக்கப்படுகின்றது. கிராமத்து வீட்டிலே காய் உடைத்தால், சிரட்டை அடுப்புக்கு, பிழிந்த பூ கோழிக்கு. கொழும்பிலே மாடிமேல் மாடியாகக் கட்டிய வீட்டில் வாழ்பவருக்கு அடுப்பும் இல்லை, கோழியும் இல்லை. வாயு அடுப்பிலே சிரட்டையை எரிக்க முடியாது. ஆகவே சிரட்டையும் பூவும், மீன் செதிலும் வாழைத் தோலும் கூடிய ஒரு பொலித்தீன் பைக்குள்ளே சென்று சேர்கின்றன. மாதம்பையில் விலை பேசி வாங்கப்படும் அதே சிரட்டை, கொழும்பின் சமையலறையில் விலையற்றதாகின்றது. பொருள் ஒன்றே, அது நிற்கும் இடம் வேறு. மாநகரக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது இவ்வாறு அழுகக்கூடிய பொருளே. தனியே வைத்தால் எருவாகும். பிளாஸ்டிக்கோடும் உடைந்த கண்ணாடியோடும் கலந்துவிட்டாலோ எருவுக்கும் உதவாது, எரிப்பதற்கும் உதவாது. அந்தக் கலப்பு நிகழ்வது நகரசபை லொறியிலல்ல. வீட்டுக்குள்ளே, ஒரு கைவீச்சிலே.

அக்கைவீச்சின் பயன் எங்கே போய் நின்றது என்பதை 2017 ஏப்பிரல் 14 ஆம் திகதி நாடு கண்டது. தமிழரும் சிங்களவரும் புத்தாண்டு கொண்டாடிய அந்நாளிலே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த குப்பை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பது பேருக்கு மேல் மாண்டனர். குப்பைக்கு வேறு இடம் தேடவேண்டிய கட்டாயம் பிறந்தது. முன்பே பேசப்பட்டு வந்த அருவக்காட்டுத் திட்டம் விரைவு பெற்றது.

அருவக்காடு புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்து வனத்தின் எல்லைக்கு அருகில், களப்பை ஒட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் நிலம். பாலாவியிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் வெட்டப்பட்டது அங்குதான். வெட்டிய கல்லைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லப் புகையிரதப் பாதையும் இடப்பட்டது. அந்தக் கல் சீமெந்தாகி, கொழும்பின் கட்டிடங்களாக எழுந்தது. எஞ்சியவை பெரும் பள்ளங்கள். ‘பள்ளம் இருக்கிறது, பாதையும் இருக்கிறது, குப்பையை அங்கே கொண்டு போகலாமே’ என்று அதிகாரிகள் எண்ணியதில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது. களனியிலே குப்பையை இறுக்கி, மூடிய கொள்கலன்களில் அடைத்து, நாளொன்றுக்கு 1,200 தொன் வரை, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் புகையிரதத்தில் ஏற்றி வருவது என்பது திட்டம். பள்ளத்தின் அடியில் நீர் புகாத விரிப்புக்கள் இடப்படும், வடியும் நீர் சுத்திகரிக்கப்படும், வாயு வெளியேற வழி செய்யப்படும் என்று பொறியியலாளர் கூறினர்.

கரைத்தீவு, சேரக்குளி, எலுவன்குளம், கலா ஓயாவின் முகத்துவாரத்தை ஒட்டிய கங்கைவாடி முதலிய ஊர்களின் மக்களுக்கு இந்த விளக்கம் போதியதாகத் தோன்றவில்லை. களப்பை நம்பி வாழ்பவர்கள் அவர்கள். சுண்ணாம்புக்கல் நீரை ஊறவிடும் கல் என்பதைக் கிணறு வெட்டியவர் எவரும் அறிவர். 2018 இன் பிற்பகுதியிலிருந்து புத்தளம் நகரில் மாதக் கணக்காகச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் விகாரையிலும் கோவிலிலும் வழிபடுவோர் ஒரே பந்தலின் கீழ் அமர்ந்தனர். இந்த மாவட்டத்தில் அது எளிதில் நிகழும் ஒன்றன்று. அவர்களுடைய கேள்வி மிக எளிமையானது: ‘எங்கள் தேங்காயைத் தின்று, எங்கள் கல்லால் வீடு கட்டி, அவற்றின் மிச்சத்தை எங்களிடமே அனுப்புவதற்கு எங்களிடம் கேட்டது யார்?’ அதற்கு விடை கூறப்படாமலே 2019 ஓகஸ்ட் மாதத்தில் குப்பை வரத் தொடங்கியது. முதலில் வந்தது புகையிரதத்திலன்று, லொறிகளில். அதே ஆண்டு ஒக்டோபரில் குப்பைத் திடலில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. அழுகும் பொருளிலிருந்து எழும் மீதேன் வாயுவே காரணமென்று கூறப்பட்டது. அழுகும் பொருள் என்பதில் வாழைத் தோலும் தேங்காய்ப் பூவும் அடக்கம்.

ஒருவர் குறும்பாக, ‘தேங்காய் புத்தளத்திலிருந்து போய்ப் புத்தளத்துக்கே திரும்புகிறது, இதுவும் ஒரு சுழற்சிதானே’ என்று கேட்கலாம். வடிவத்தால் சுழற்சிதான். திரும்பி வருவது எந்த நிலையில் வருகிறது என்பதே வேறுபாடு. எருவாகத் திரும்பியிருந்தால் தென்னையின் அடியிலே போட்டு, மேலே கூறிய அந்தப் பொற்றாசிய ஓட்டையையும் ஓரளவு அடைத்திருக்கலாம். 2008 இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை தொடங்கிய ‘பிலிசரு’த் திட்டத்தின் கீழ்ப் பல உள்ளூராட்சி மன்றங்கள் எரு தயாரிக்கும் நிலையங்களை அமைத்தன. நிலையம் கட்டுவது எளிது. அதற்குள் வரும் குப்பை பிரித்த குப்பையாக வரச்செய்வதே அரிது. கண்ணாடித் துண்டும் பற்றரியும் கலந்த எருவைக் காசுக்கு வாங்க எந்தத் தோட்டக்காரரும் முன்வரமாட்டார். இங்கும் படலையில் வந்து நிற்கும் அந்த வாங்குபவனே தீர்ப்பளிக்கிறான்.

எல்லாச் சுழற்சியும் நல்ல சுழற்சி அன்று என்பதற்கு இக்கரையிலே வேறொரு சான்றும் உண்டு. 1980 களில் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே இறால் வளர்ப்புக் குளங்கள் பெருகின. கண்டல் மரங்களை வெட்டிக் குளங்கள் தோண்டப்பட்டன. குளத்துக்கு நீர் எடுத்தது ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து. குளத்துக் கழிவு நீரை விட்டதும் அதே கால்வாயில். ஒருவர் கழித்ததை அடுத்தவர் எடுத்தார். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபொழுது அக்கால்வாயே அதனைக் குளத்துக்குக் குளம் கொண்டு சென்றது. இட்ட முதலை இழந்தோர் பலர். கைவிடப்பட்ட குளங்கள், கண்டலும் இன்றி இறாலும் இன்றி, உவர் படிந்து இன்றும் கிடக்கின்றன. பின்னர் வளர்ப்போர் சங்கங்களாகக் கூடி, எந்தப் பகுதியார் எந்த மாதத்தில் குளம் நிரப்புவது என்று முறை வகுத்துக்கொண்டனர். ஒரே நீரைப் பகிர்வோர் ஒரே நாட்காட்டியையும் பகிரவேண்டும் என்பது அவர்கள் விலை கொடுத்துக் கற்றது.

பாலாவித் தொழிற்சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுரைச்சோலையில் 2011 இல் இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து பறக்கும் நுண்சாம்பல் சீமெந்தோடு சேர்க்கத் தக்கது; அதனைச் சீமெந்துக் கொம்பனிகள் வாங்குகின்றன. ஓர் ஆலையின் எச்சம் மற்றோர் ஆலையின் மூலப்பொருளாவதற்கு இது பாடப் புத்தகத்தில் எழுதத்தக்க உதாரணம். அவ்வாறே, வேறெதற்கும் உதவாத பிளாஸ்டிக்கும் பழைய இறப்பரும் சீமெந்துச் சூளையின் பெருந்தீயில் எரிபொருளாகின்றன. குப்பை மேட்டில் கிடப்பதைவிட இது நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், எரிந்தது திரும்பி வராது. ஒரு பொலித்தீன் பை சூளையில் எரிந்தால் அடுத்த நாள் மற்றொரு பை எண்ணெயிலிருந்து புதிதாகச் செய்யப்படும். அதனைச் சுழற்சி என்று விளம்பரம் செய்வது மிகைப்படக் கூறல். நுரைச்சோலையைச் சூழ்ந்த கற்பிட்டிக் கமக்காரரும், சாம்பலை யார் வாங்குகிறார் என்பதைக் காட்டிலும், காற்று வீசும் மாதங்களில் அது தங்கள் பயிரின் மேல் வந்து படிவதைப் பற்றியே முறையிட்டு வந்துள்ளனர்.

பாவனையாளரின் பொறுப்பு என்பது அடிக்கடி பேசப்படும் பொருள். அதிலே நீதியும் உண்டு. ஓரளவு அநீதியும் உண்டு. முன்னாளிற் கிராமத்துக் கடைக்குப் போகிறவர் கையிலே போத்தலோடு போனார். ‘கால் போத்தல் எண்ணெய்’ என்றால் அது அளவையின் பெயர், பாத்திரம் வாங்குபவருடையது. அரிசி கொத்தாலும் சுண்டாலும் அளந்து பன்பையில் விழுந்தது. சீனியும் பருப்பும் பழைய பத்திரிகைத் தாளில் சரை சுற்றிக் கொடுக்கப்பட்டன. சோடாப் போத்தலுக்குக் காசு கட்டி வைக்கவேண்டும். போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கைக்கு வரும். ஆகவே வெறும் போத்தலைத் தெருவிலே எறிவார் இல்லை. எறிந்தாலும் அடுத்த நொடியில் ஒரு சிறுவன் அதனைப் பொறுக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவான். அன்றிருந்தோர் இன்றிருப்போரினும் ஒழுக்கம் மிக்கவர் என்பதாலன்று; வெறும் போத்தலுக்குள்ளே காசு இருந்தது என்பதால். பழைய போத்தல், பேப்பர், இரும்பு என்று கூவிக்கொண்டு வீடு வீடாக வருபவர் இன்றும் வருகிறார். அவர் தராசில் ஏறுவது சுழல்கிறது. அவர் கைதொடாதது குப்பையாகிறது. நாட்டின் சுழற்சிப் பொருளாதாரத்தை அறிய விரும்புவோர், ஆய்வரங்குகளுக்குச் செல்லுமுன் அவருடைய தராசைப் பார்ப்பது நன்று.

அவர் கைதொடாதவற்றுள் முதன்மையானது சிறு பொதி. நாட்கூலி பெறும் கடற்றொழிலாளி வீட்டில் சம்பூவைப் போத்தலாக வாங்க ஒரே நாளில் பணம் இராது. ஒரு நாளைக்குப் போதிய ஒரு பொதியே வாங்கமுடியும். அந்த வெறும் உறையை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. காற்றில் பறந்து களப்பில் விழுகிறது. எறிந்தவரைக் குறை கூறுவது எளிது. அவருக்கு வேறு வடிவில் அப்பொருளை விற்காதவரைக் குறை கூறுவோர் குறைவு. 2021 மார்ச்சு 31 முதல், உணவும் மருந்தும் நீங்கலாக, 20 மில்லிலீற்றர் வரையான சிறு பொதிகள் தடை செய்யப்பட்டன. கமத்தொழில் இரசாயனங்களை அடைக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக் போத்தல்களும் அன்றே தடைக்குள் வந்தன. மருந்து தெளிக்கும் தோட்டங்கள் நிறைந்த கற்பிட்டிக் குடாநாட்டுக்கு அது பொருந்திய சட்டம். அதற்கு முன்பே 2017 செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீனும் சோறு கட்டும் தாளும் தடை செய்யப்பட்டிருந்தன. தடை வந்ததும் பொதி சற்றுப் பெரிதாகியும் தாள் சற்றுத் தடித்தும் வந்ததை நேயர்கள் கண்டிருப்பர். சட்டம் அளவைக் கூறினால் வணிகம் அளவை மாற்றும்.

பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்று கூறுவோரும் உளர். அதுவும் அவ்வளவு எளிதன்று. 2021 மார்ச்சு மாதத்தில், இறக்குமதி செய்யப்பட்ட தேங்காய் எண்ணெயில் அஃப்ளாதொக்சின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டபொழுது, பீப்பாயிலிருந்து அளந்து வாங்கிய எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கூற எவராலும் முடியவில்லை. முத்திரையிட்ட போத்தலை மக்கள் நாடுவதற்கு அச்சமும் ஒரு காரணம். அந்த அச்சம் பொய்யன்று. எண்ணெயைப் பரிசோதிக்கும் ஏற்பாடு ஊர்தோறும் இருந்தால் வெறும் போத்தலோடு கடைக்குப் போவதற்கு எவரும் தயங்கார். சுகாதாரப் பரிசோதகர் ஒருவரை நியமிப்பதும் குப்பையைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

பாவனையாளரின் கை ஒரு முறையேனும் படாத பிளாஸ்டிக்கும் இக்கரைக்கு வந்தது. 2021 மே 20 ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்பிறஸ் பேர்ள்’ என்னும் கொள்கலக் கப்பலில் தீ மூண்டது. யூன் 2 இல் அது மூழ்கத் தொடங்கியது. அது ஏற்றி வந்தவற்றுள் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பையும் போத்தலும் செய்வதற்கு முன் பிளாஸ்டிக் இருக்கும் நிலை இதுவே. அரிசியிலும் சிறிது பெரிய வெண்மணிகள். நீர்கொழும்பில் முழந்தாளளவு ஒதுங்கிய மணிகள் மாரவிலை, சிலாபக் கரைகளிலும் பரவின. கற்பிட்டிப் பக்கத்திலும் காணப்பட்டன. மணலை அரிதட்டிலிட்டு அரித்துப் பிரிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆண்டுகள் கழிந்த பின்பும் கரையை ஓரடி தோண்டினால் மணிகள் வெளிப்பட்டன. மீன் அதனை முட்டையென்று விழுங்குகிறது. மீனை வாங்குவோர் அஞ்சியபொழுது இழப்பு மீனவருக்கு. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பற் கொம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பண்டத்தின் விலையிலே அதன் கேட்டின் விலையும் அடங்கவேண்டும் என்னும் கொள்கையை இதனினும் பெரிய எண்ணில் இந்நாட்டு நீதிமன்றம் எழுதியதில்லை எனலாம். சிலாபத்துக் கடைக்காரர் ஒரு போத்தலுக்கு வைப்புக் காசு வாங்கியதும் அதே கொள்கையின் சிறு வடிவம்தான்.

அக்கொள்கையின் மிகச் சிறிய வடிவம் 2025 நவம்பர் 1 ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. கடைகளிற் பொருள் வாங்குவோருக்குப் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தல் ஆகாது. அதன் விலை வெளிப்படையாகக் காட்டப்பட்டு, சிட்டையிலும் தனியே எழுதப்படல் வேண்டும். பையின் விலை முன்பும் பொருளின் விலைக்குள் ஒளிந்துதான் இருந்தது. இப்பொழுது வெளியே வந்து நிற்கிறது. சில ரூபாய்க்கு அஞ்சிப் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்களா என்று கேட்போர் உண்டு. முற்றாக மாறார். ஆனால், காசு கொடுத்து வாங்கிய பையை அன்றே எறிவதற்குக் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்தை மேலும் வளர்க்க வேண்டுமாயின், பை திரும்ப வந்தால் காசும் திரும்பும் என்ற ஏற்பாடு வேண்டும். போத்தலுக்கு இருந்ததைப் போல.

சிரட்டைக்கும் அத்தகைய ஓர் ஏற்பாடு செய்ய இயலும். மாதம்பையிலும் லுணுவிலையிலும் கரி சுடுவோர் சிரட்டைக்கு வழி பார்த்திருக்கின்றனர். தேங்காய் விலை ஏறிய நாட்களில் சிரட்டையின் விலையும் ஏறியது. தேங்காய் இறக்கிய லொறிகள் பல, கொழும்பிலிருந்து வெறுமையாகவே வடக்கு நோக்கித் திரும்புகின்றன. மாடி வீடுகளின் கீழே சிரட்டைக்கென ஒரு சாக்கு வைத்தால், வாரம் ஒரு முறை அதனை எடுத்துச் செல்ல அந்த லொறிகளுக்கு வழி தெரியும். அருவக்காட்டுப் புகையிரதத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பகுதி, அந்தச் சாக்குகளைத் தூக்குபவருக்குக் கூலியாகப் போதும்.